வரிசையில் நிற்காத காடு

காடு வளர்ப்பு வாரியத்தின் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவரவர் உட்கார்ந்திருந்த இடமும் பின்வருமாறு. நீள்வட்ட மேசைக்குத் தலைமாடு கிடையாது. ஆனால் வாரியத் தலைவர் எங்கே உட்காருகிறாரோ அதுவே தலைமாடு என்பது நடைமுறை. அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பிடி உள்ள ஒரே நாற்காலியில் இருந்தார். அவருக்கு வலப்பக்கம் மதிப்பீட்டு நிபுணர், மடிக்கணினியோடு. இடப்பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையின் பொறியாளர். இவர் வாரியத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆனால் மேசையில் இருந்த பிஸ்கட் இவர் வாங்கி வந்தது. எதிரே, ஏ.சி.யின் குளிர்காற்று நேராக முகத்தில் அடிக்கிற இடத்தில், சால்வையைக் காதோடு சுற்றிக்கொண்டு நிதிப்பிரிவு அம்மாள். மூலையில், விளக்கு சுவிட்சுகளுக்குக் கீழே, கால் ஆடும் ஒரு ஸ்டூலில் குறிப்பெழுத்தர். அவருக்குப் பக்கத்தில் தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் செடி. அலையாத்திக் காட்டின் சார்பில் யாரும் வரவில்லை.

குறிப்பெழுத்தரை அலுவலகத்தில் எல்லாரும் 'கமா' என்றுதான் கூப்பிடுவார்கள். எழுத்தில் அவர் கெட்டிக்காரர். வாயைத் திறந்தால் மட்டும் பாதியில் நின்றுவிடுவார். "சார், அந்தக் கோப்பு வந்து..." என்று ஆரம்பித்து, கேட்கிறவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார். மீதியைக் கேட்கிறவரே நிரப்பிக்கொள்வார். அதிகாரிகளுக்கு இந்தப் பழக்கம் மிகவும் பிடித்திருந்ததால் அவர் வேலையில் நிலைத்துவிட்டார்.

அன்றைய பொருள் இதுதான். ஆற்றுமுகத்தில் ஒரு பழைய அலையாத்திக் காடு இருந்தது. ஒரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வாரியம் நட்ட புதிய காடு இருந்தது. பழைய காடு நிற்கிற இடம் கப்பல் பட்டறைக்கு வேண்டும். சட்டமோ ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது: நட்ட காடு பழைய காட்டைப்போலவே உயிரினங்களைத் தாங்குகிறது என்று வாரியம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் பழையதை வெட்டலாம்.

பழைய காட்டின் ஓரத்தில்தான் கமாவின் அக்கா வீடு. அத்தான் அந்தக் காட்டில் நண்டு பிடிக்கிறவர். போன புயலில் கடல் எழும்பி வந்தபோது அதற்கும் அக்கா வீட்டுச் சமையலறைக்கும் நடுவில் நின்றது அந்தக் காடு மட்டும்தான். இது எதுவும் நிகழ்ச்சிநிரலில் இல்லாததால் கமா குறிப்பில் எழுதவில்லை. பிஸ்கட்டையும் எடுக்கவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இயற்கை மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா ஒண்ணு சொல்லணும். அது யார்கிட்டயும் அனுமதி வாங்கி வளரல. நம்ம காடு அப்படி இல்ல. முறைப்படி விண்ணப்பிச்சு, ஒப்புதல் வாங்கி, அதுக்கப்புறம் முளைச்ச காடு."

எல்லாரும் தலையாட்டினார்கள். பொறியாளர் இரண்டு தடவை ஆட்டினார்.

நிபுணர் ஒப்பீட்டுப் பட்டியலைத் திரையில் காட்டினார். வரிசை நேர்த்தி, மரத்துக்கு மரம் இடைவெளி, வேலி, பெயர்ப்பலகை, தொடக்க விழாப் புகைப்படம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இருந்தது. கடைசியில் 'உயிரினங்கள் (இருந்தால்)' என்று ஒரு கட்டம். அதில் எழுதுவதற்கு ஒரு கை விரல்களை விடக் கொஞ்சம் கூடுதலாக வரிகள் விட்டிருந்தது. சட்டம் கேட்டது அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும்தான் என்பதை நிதிப்பிரிவு அம்மாள் சால்வைக்குள்ளிருந்து நினைவூட்டினார். தலைவர், அதையும் நிரப்பிவிட்டால் போகிறது என்றார்.

நிரப்புவதற்காக எல்லாரும் ஜீப்பில் கிளம்பினார்கள்.

நட்ட காடு, காலைப் பிரார்த்தனைக்கு நிறுத்திய பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல் நின்றது. ஒரே ஜாதி மரம், ஒரே உயரம், கழுத்தில் எண் கட்டிய தகடு. தண்ணீர் ஏறாத மேட்டில் நட்டவை காய்ந்து குச்சியாக நின்றன. அவற்றை நிபுணர் 'ஓய்வில் உள்ள மரங்கள்' என்று குறித்துக்கொண்டார். எந்த மரத்தையும்விட உயரமாக இருந்தது பெயர்ப்பலகை. அதில் ஒரு மீன்கொத்தியும், ஒரு மீனும், சிரித்த முகத்தோடு ஒரு நண்டும் வண்ணத்தில் வரைந்திருந்தார்கள். நிபுணர் மீன்கொத்திக்கு நேரே 'காணப்பட்டது' என்று எழுதினார். காணப்பட்டது உண்மைதான்.

மேலே ஒரு காகம் நிற்காமல் பறந்து போயிற்று. அதை, கடந்து செல்லும் பறவையினம் என்று சேர்த்தார்கள். வேலியில் இருந்த ஓட்டை வழியாக ஒரு ஆடு தலையை நீட்டியது. பாலூட்டி. தலைவரின் கழுத்தில் கொசு கடித்தது. அவர் அடிக்கப் போன கையை நிபுணர் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"சார், அது பட்டியல்ல இருக்கு."

மற்றபடி எங்கேயும் ஒரு சத்தம் இல்லை. கமா சேற்றைக் குனிந்து பார்த்தார். வளை இல்லை, குமிழி இல்லை, வழுக்கிக்கொண்டு ஓடுகிற ஒரு புழுகூட இல்லை. "சார், இங்க வந்து..." என்று ஆரம்பித்தார்.

"அமைதியா இருக்குன்னுதானே சொல்ல வர்றீங்க?" என்றார் நிபுணர். "கவனிச்சீங்களா? பழைய காட்டுல ஒரே இரைச்சல். ஒண்ணை ஒண்ணு கொத்துது, கடிக்குது, முழுங்குது. இங்க உயிரினங்களுக்குள்ள ஒரு சண்டை கிடையாது. இதுக்கே தனியா ஒரு மதிப்பெண் போடலாம்."

போட்டார்கள். ஆனாலும் கடைசிக் கட்டத்தில் வரிகள் மீந்தன. நண்டுக்கென்று விட்டிருந்த வரி காலியாகத் தலைவரை முறைத்தது. பலகையில் இருந்த நண்டைச் சேர்க்கலாமா என்று யோசித்தார்கள். தலைமையகத்திலிருந்து வரப்போகும் மேலாய்வாளர் நண்டை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருப்பதாக நிதிப்பிரிவு அம்மாள் சொன்னார். பிறகு எல்லாருடைய பார்வையும் மெல்லத் திரும்பிக் கமாவின் மேல் வந்து நின்றது. அவருடைய அத்தான் என்ன தொழில் செய்கிறார் என்பது அலுவலகத்துக்கே தெரியும்.

வாரியத்தின் விதிப்படி எதை வாங்கினாலும் மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும். அந்தக் கரையில் நண்டு பிடிக்கிறவர் அத்தான் ஒருவர்தான். எனவே ஒன்றை அவர் பெயரிலும், ஒன்றை அக்கா பெயரிலும், ஒன்றைப் படகின் பெயரிலும் எழுதி வாங்கும்படி கமாவுக்கு உத்தரவாயிற்று. அக்கா குறைத்துக் கேட்டதால் கொள்முதல் ஆணை அக்காவுக்குப் போயிற்று. அத்தான் அக்காவின்கீழ் வேலை செய்பவர் என்று ஆனார். வீட்டில் அதுவரை வாய்மொழியாக இருந்துவந்த ஏற்பாட்டை வாரியம் எழுத்தில் உறுதிசெய்தது, அவ்வளவுதான்.

"எதுக்கு மச்சான் இவ்வளவு நண்டு? அதிகாரிக்கு விருந்தா?" என்று கேட்டார் அத்தான். கூடையில் ஒவ்வொரு நண்டாக எடுத்து, கொடுக்கை மடக்கி நாரால் கட்டிக்கொண்டிருந்தார்.

"இல்ல அத்தான். காட்டுல விடறதுக்கு."

"காட்டுலேர்ந்துதானே பிடிச்சேன்?"

"இது வேற காடு. அதாவது வந்து..."

"அந்தக் குச்சிக் காடா?" அக்கா வாசலில் வலையை உதறிக்கொண்டே திரும்பினாள். "அங்க எதுக்குடா நண்டு போகும்? ஒதுங்க வேர் இல்ல, திங்க உதிர்ந்த இலை இல்ல. ஏன்டா, அந்தக் காட்டுல எல்லாம் இருக்குன்னு எழுதிட்டா, இந்தக் காட்டை வெட்டிடுவாங்கதானே?"

கமா தலையைக் குனிந்துகொண்டார். "நான் எழுதறதில்லக்கா. அவங்க சொல்றதை..."

"சொல்றவன் சொல்லிட்டு எழுந்து போயிடுவான். காயிதத்துல இருக்கப்போறது உன் கையெழுத்துடா." வலையை மடித்து அவர் காலடியில் போட்டாள். "சரி, கூடையைத் தூக்கு. ஆணை வாங்கிட்டேன், சரக்கு அனுப்பணும்."

மேலாய்வாளர் வந்தார். ரப்பர் பூட்ஸ் போட்ட, அதிகம் பேசாத அம்மாள். அவருக்காகச் சேற்றின் மேல் பலகைகள் போட்டு, அதன் மேல் விரிப்பு விரித்திருந்தார்கள். நண்டுகளை மரத்துக்கு ஒன்றாக, மரத்தின் எண்ணும் நண்டின் எண்ணும் பொருந்துகிறபடி, நிதிப்பிரிவு அம்மாளே நின்று வைக்கச் செய்திருந்தார். அவிழ்த்து விடுவதற்கு மட்டும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஆகையால் அவை கட்டு கட்டியபடியே, வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தன.

"மரத்துக்கு ஒரு நண்டு, மேடம்," என்றார் நிபுணர். "இயற்கைக் காட்டுல இந்தச் சமத்துவத்தைப் பார்க்க முடியாது. அங்க ஒரு மரத்தடியில பத்து இருக்கும், இன்னொண்ணுல ஒண்ணும் இருக்காது. திட்டமிடல் கிடையாது."

மேலாய்வாளர் குனிந்து பார்த்தார். "ஏன் கையைக் கட்டியிருக்கு?"

"மரியாதை, மேடம்," என்றார் தலைவர்.

அந்த அம்மாள் நிமிர்ந்து தலைவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அவிழ்க்கச் சொன்னார். தலைவர் நிபுணரைப் பார்த்தார்; நிபுணர் பொறியாளரைப் பார்த்தார்; பொறியாளர் தன் விரல்களை எண்ணுவதுபோல் பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கடைசியில் வாய்க்காலுக்கு அப்பால் நின்றிருந்த அத்தானைக் கூப்பிட்டார்கள். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, சரசரவென்று அவிழ்த்துக்கொண்டே போனார்.

நண்டுகள் சற்று நேரம் அசையவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தன. பிறகு எல்லாம் ஒருசேரப் பக்கவாட்டில் கிளம்பி, விரிப்பைக் கடந்து, மேலாய்வாளரின் பூட்ஸைச் சுற்றிக்கொண்டு, வாய்க்காலில் இறங்கி, அந்தப் பக்கக் கரையில் ஏறி, பழைய காட்டுக்குள் போய்விட்டன. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்த நண்டு ஒன்றுகூட இல்லை.

"சார், இருப்பு குறையுது," என்றார் நிதிப்பிரிவு அம்மாள்.

தலைவர் அசரவில்லை. முப்பது வருஷத்துச் சேவை பேசியது. "இதுதான் மேடம் எங்க காட்டோட வெற்றி. எங்க தேவைக்குப் போக மிச்சம் இருக்கிறதைப் பக்கத்துக் காட்டுக்குக் குடுத்து உதவறோம். பாவம், அதுக்குன்னு ஒரு வாரியம் இல்ல."

நிபுணர் 'உபரி உயிரினங்களை வெளியே அனுப்பும் அளவுக்குத் தன்னிறைவு' என்று எழுதிக்கொண்டார். நண்டு வரியும் நிரம்பிவிட்டது. வந்ததுதானே கணக்கு, போனதைக் குறிக்கக் கட்டம் எதுவும் இல்லை.

அடுத்து பழைய காடு. படகில்தான் போக வேண்டியிருந்தது. உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேல் கொக்குக் கூட்டம் கத்தியது. வேர்கள் முழங்காலை மடக்கி நிற்பதுபோல் தண்ணீரிலிருந்து எழும்பி ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சேற்றில் கால் முளைத்ததுபோல் மீன்கள் துள்ளின. சிப்பி, நத்தை, தண்ணீர்ப் பாம்பு, கிளையில் தொங்கிய தேன்கூடு என்று எங்கே கண்ணை வைத்தாலும் ஏதோ ஒன்று நகர்ந்தது. இறங்கி நின்ற தலைவரின் ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை.

நிபுணர் படகில் உட்கார்ந்தபடியே மதிப்பெண் போட்டார். வரிசை நேர்த்தி: இல்லை. இடைவெளி: இல்லை. வேலி: இல்லை. நட்டவர் பெயர்: தெரியவில்லை. புகைப்படம்: இணைக்கப்படவில்லை. ஒரு மரம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாததால், மரங்களின் எண்ணிக்கை: ஒன்று. கடைசிக் கட்டத்துக்கு வந்தார். கொக்கில் ஆரம்பித்தார், நத்தை வருவதற்குள் வரிகள் தீர்ந்துபோயின.

"சார், இன்னும் வந்து..." என்று கமா கையை நீட்டிக் காட்டினார். ஒரு நண்டு, சற்று முன் அவிழ்த்துவிட்ட நார் இன்னும் ஒரு காலில் ஒட்டியிருக்க, வேரின்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"இடம் இல்லையே," என்றார் நிபுணர், உண்மையான வருத்தத்தோடு.

'ஏனைய உயிரினங்கள் இடமின்மையால் சேர்க்கப்படவில்லை' என்று அடியில் எழுதினார். பிறகு இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதிலும் எல்லா வரிகளும் நிரம்பியிருந்தன. இதிலும் எல்லா வரிகளும் நிரம்பியிருந்தன. ஆகவே இரண்டும் சமம். மற்ற கட்டங்களையும் கூட்டினால் நட்ட காடு ஒரு படி மேல். மேலாய்வாளர் இரண்டையும் வாங்கிப் பார்த்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பட்டியலின் படிவத்தை அச்சடித்தது தலைமையகம்தான்.

மறுபடி கூட்டம். இடங்கள் அதேதான், மேலாய்வாளர் மட்டும் தலைவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார், அதனால் நிதிப்பிரிவு அம்மாளுக்குக் குளிர்காற்றிலிருந்து விடுதலை. பொறியாளர் இந்தத் தடவை கேக் வாங்கி வந்திருந்தார். இரு காடுகளும் சமம் என்றும், பழைய காட்டை அகற்றத் தடையில்லை என்றும் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதத் தீர்மானம் ஆயிற்று. தலைவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, கமா எழுதிக்கொண்டே வந்தார். கேக் துண்டு ஒன்று அவர் பக்கம் வந்தது. அதை அப்படியே பிளாஸ்டிக் செடியின் தொட்டியில் வைத்தார்.

'நட்ட காடு ஆண்டுதோறும் இதே முறையில் ஆய்வு செய்யப்படும்' என்பது சட்டப்படி சேர்க்க வேண்டிய வரி. அதை எழுதும்போது கமாவின் பேனா நின்றது.

"சார், நண்டு வந்து..."

தலைவர் வழக்கம்போல மீதியைத் தாமே நிரப்பிக்கொண்டார். "நண்டுக்குப் பணம் குடுத்தாச்சுல்ல? அப்புறம் என்ன?"

கமா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். ஸ்டூலின் கால் தடதடத்தது. அக்கா வாசலில் வலையை உதறுகிற சத்தம் காதுக்குள் கேட்டது.

"அடுத்த வருஷ ஆய்வுக்கு நண்டு எங்க வாங்கறது சார்? நண்டு கிடைக்கிறது அந்தக் காட்டுலதான். அந்தக் காட்டை வெட்டிட்டா நண்டு இருக்காது. நண்டு இல்லன்னா நம்ம காடு ஆய்வுல தேறாது."

அலுவலகத்தில் அவர் முழுசாகச் சொன்ன முதல் பேச்சு அதுதான் என்பதால், அது முடிந்துவிட்டது என்று புரிந்துகொள்ள எல்லாருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

பொறியாளர்தான் முதலில் சுதாரித்தார். தம் பட்டறையிலேயே தகரத்தில் நண்டு அடித்துத் தருவதாகவும், பெயிண்ட் செலவையும் தாமே ஏற்பதாகவும் சொன்னார். உயிருள்ளதாக இருக்க வேண்டும் என்றார் மேலாய்வாளர். வேறு ஊரிலிருந்து வரவழைக்கலாம் என்றார் நிபுணர். வழியில் செத்தால் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார் நிதிப்பிரிவு அம்மாள்.

பொறியாளருக்குத் திடீரென்று ஒன்று தோன்றிற்று. "அப்படின்னா எனக்கு நீங்க நட்ட இடத்தையே குடுத்துடுங்களேன். அங்கதான் ஒண்ணுமே இல்லையே."

தலைவரின் முகம் சிவந்துவிட்டது. "என்ன பேசறீங்க? அது விருது வாங்கின காடு."

"மன்னிக்கணும்," என்றார் பொறியாளர், கேக் பெட்டியை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டே.

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று யோசித்தார். திரும்பியபோது முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "எழுதுங்க கமா. அந்தப் பழைய காட்டை நாம ஏன் காடுன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம்? அதுதான் பிழை. வரிசை இல்ல, வேலி இல்ல, அது எப்படிக் காடாகும்? அது நம்ம காட்டோட கிடங்கு. நமக்கு வேண்டிய நண்டு, மீன், கொக்கு எல்லாத்தையும் சேர்த்து வச்சிருக்கிற பண்டகசாலை. அங்கீகாரம் பெற்ற ஒரு சொத்தோட கிடங்கை யாராவது இடிப்பாங்களா? இடிச்சா தணிக்கை சும்மா விடுமா?"

விடாது என்று நிதிப்பிரிவு அம்மாள் உறுதி சொன்னார். மேலாய்வாளரின் உதட்டோரம் லேசாக அசைந்ததுபோல் இருந்தது. அது தேநீரின் சூடாகவும் இருக்கலாம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிற்று. பழைய காடு, நட்ட காட்டின் இணைப்புப் பண்டகசாலை எனக் கருதப்பட்டு, ஆய்வு நடக்கும் காலம்வரை பாதுகாக்கப்படும். அகற்றும் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. பொறியாளர் வேறு கரையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கமா எழுதி முடித்தபோது தலைவர் போகிற போக்கில் கடைசியாக ஒன்று சொன்னார். "இன்னும் ஒரு வரி சேர்த்துக்குங்க. கிடங்குல மரமெல்லாம் தாறுமாறா நிக்குது. அதை ஒழுங்கா வரிசைப்படுத்தி, எண் போட்டு, வேலி கட்டணும்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கமா தன் மேசைக்கு வந்து தட்டச்சு செய்தார். தலைவர் சொன்ன கடைசி வரியையும் ஒரு சொல் விடாமல் அடித்தார். அதன் முடிவில், இத்தனை வருஷம் ஆயிரம் கடிதங்களில் தான் அடித்துப் பழகிய, அடித்தபின் எந்த வேலையும் நடந்து பார்த்திராத மூன்று சொற்களைச் சேர்த்தார்: 'நிதி நிலைமைக்கு உட்பட்டு'. தலைவர் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படித்திருந்தாலும் போட்டிருப்பார், அந்தச் சொற்கள் இல்லாத கடிதம் அவருக்கே நிறைவாக இருக்காது.

தபால் பிரிவில் இருக்கிற பெண் உறையை வாங்கிப் பார்த்தாள். "தலைமையகத்துக்கா? என்ன சார் விஷயம்?"

"ஒரு காட்டைக் கிடங்குன்னு எழுதியிருக்கும்மா."

"பொய்யா?"

கமா யோசித்தார். "நண்டெல்லாம் அங்கதான் இருக்கு. அது உண்மை."

அவள் பசையைத் தடவி மடிப்பை அழுத்தினாள். சிவப்பு அரக்கை உருக்கி விட்டு, வாரியத்தின் முத்திரையை வைத்தாள். முத்திரையில் வட்டத்துக்குள் ஒரே உயரத்தில் மூன்று மரங்கள் வரிசையாக நின்றன. அரக்கு ஆறுகிறவரை கமா பக்கத்திலேயே நின்றார். ஆறியதும் அவரே உறையை எடுத்து, வாசலில் காத்திருந்த தபால் வண்டியின் பைக்குள் போட்டார்.